வற்றத்துக்கு நேரம் பார்க்கும் வேலை

பிரான்சின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பிரெத்தாஞ் பகுதிக்குப் படம் எடுக்க அனுப்பும் பதிப்பாளர்கள் கிட்டத்தட்ட ஒரே பட்டியலைத்தான் கொடுப்பார்கள். கலங்கரை விளக்கம், இளஞ்சிவப்புப் பாறை, கர்னாக்கில் வரிசை வரிசையாக நிற்கும் ஆதிகாலக் கற்கள், நீல ஹைட்ரேஞ்சியா பூத்த கல்வீடு. கடைசி வரியில், அப்போதுதான் ஞாபகம் வந்தது போல, 'கொஞ்சம் அன்றாட வாழ்க்கையும்' என்று சேர்த்திருப்பார்கள். என் அனுபவத்தில், பாடுபட வேண்டியதெல்லாம் அந்தக் கடைசி வரிக்குத்தான்.

காட்சிகளுக்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். பிளுமனாக்கில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. 1944-இல் ஜெர்மானியர் தகர்த்ததைப் போருக்குப் பின் அதே இளஞ்சிவப்புக் கருங்கல்லில் மறுபடியும் கட்டினார்கள். மாலை வெயில் பட்டால் பாறையும் கட்டடமும் சேர்ந்து சிவக்கும். எந்தப் பாறைமேல் ட்ரைபாடை ஊன்ற வேண்டும் என்று யோசிக்கக்கூடத் தேவையில்லை, ஏற்கெனவே நாலைந்து பேர் அங்கே நிற்பார்கள். மேகம் விலகும்வரை பொறுமை, நனையாத ஜாக்கெட், அவ்வளவுதான்.

வடகரை ஊரான கான்காலில், உண்பதற்கான சிப்பி (ஆய்ஸ்டர்) வளர்ப்பவர்களைப் படம் எடுக்கப் போனால் கதையே வேறு. அவர்களுடைய வயல் கடலுக்கடியில் கிடக்கிறது. அந்த ஊர் வளைகுடாவில் பெரிய ஏற்றவற்ற நாட்களில், அதாவது கடல் பொங்கி ஏறுவதும் (ஏற்றம்) வடிந்து உள்வாங்குவதும் (வற்றம்) அதிகமாக இருக்கும் நாட்களில், நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் வற்றம் மிகவும் ஆழமாகப் போகும், தூரத்து வரிசைகளெல்லாம் வெளியே தெரியும். ஊர்க்கடைகளில் விற்கும் சின்ன அட்டவணைப் புத்தகத்தில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 20-லிருந்து 120 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூடக் கடல் அதிக தூரம் உள்வாங்கும்.

இதில் புகைப்படக்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு. இந்தக் கரையில் அந்தப் பெரிய வற்றம் வருவது மதியம் இரண்டு, மூன்று மணி வாக்கில். (இன்னொன்று நடுநிசிக்குப் பிறகு வரும், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.) காலை, மாலை மென்வெளிச்சத்துக்காகவே உயிர்வாழ்கிறவர்கள் நாங்கள். அந்த வெளிச்சம் இருக்கும் நேரத்தில் சிப்பி வயலுக்கு மேல் கப்பலே ஓட்டலாம். ஆட்கள் டிராக்டரில் இறங்கும்போதோ, சூரியன் மேலே நிற்கிறது, சேறு பளபளக்கிறது, தொப்பிக்குக் கீழே முகமெல்லாம் நிழல்.

நானும் முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். முழங்கால் உயர இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின்மேல் பிளாஸ்டிக் வலைப் பைகள், ரப்பர் கொக்கியால் கட்டியிருக்கும். ஒரு பெண்மணி கொக்கியைக் கழற்றி, பையின் இரண்டு மூலைகளையும் பிடித்து உலுக்கி, 'தப்' என்று புரட்டிப்போட்டு, பாசியைத் தட்டிவிட்டு, மறுபடி கட்டுகிறார். அப்புறம் அடுத்த பை. புரட்டாமல் விட்டால் பாசி வலைக்கண்ணை அடைத்துவிடும், சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கோணல்மாணலாக வளரும். விற்கும் அளவுக்கு வளர ஏறக்குறைய மூன்று வருடமாகும், அதுவரைக்கும் இதே வேலைதான். "ஓரமாக நிற்கிறீர்களே, அந்த மூலையைப் பிடியுங்கள்" என்றார். கேமராவைத் தோளில் தள்ளிவிட்டுப் பிடித்தேன். ஈரத்தோடு நல்ல கனம். கனம் தெரிந்த பிறகு, அவர் முதுகு வளையும் கணத்துக்குக் காத்திருக்கத் தோன்றியது. அந்த உச்சிவெயிலில் எடுத்தவைதான் அந்தத் தொகுப்பிலேயே நல்ல படங்கள்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சின் உரிமையியல் சட்டம் 9-ஆம் பிரிவு தனிவாழ்க்கைக்குப் பாதுகாப்பு தருகிறது. தன் உருவத்தின்மீது ஒருவருக்குள்ள உரிமையையும் நீதிமன்றங்கள் அதிலிருந்தே வளர்த்தெடுத்தன. விற்பனைக்குப் போகும் புத்தகம் என்றால் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவதே நல்லது. அதையும் கொட்டகையிலேயே, கையுறை மாட்டும் முன்பே வாங்கிவிட வேண்டும். சேற்றில் நின்றுகொண்டு யாரும் பேனா பிடிக்க மாட்டார்கள்.

மனிதர் இருப்பதால் காட்சிக்கு என்ன கூடுகிறது என்று பதிப்பாளர்கள் கேட்டால், உவெசான் தீவுக்கு அருகே இருக்கும் லா ஜுமான் கலங்கரை விளக்கத்தின் படத்தைக் காட்டுவேன். 1989 டிசம்பரில் ழான் கிஷார் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. கோபுரத்தை ஒரு பேரலை பின்னாலிருந்து சுற்றி வளைக்கிறது. வாசலில் காவலர் தெயோதோர் மால்கோர்ன் நிற்கிறார். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு, மீட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தவர். சட்டென்று உள்ளே போய்த் தப்பித்துவிட்டார். அந்தச் சின்ன உருவத்தை விரலால் மறைத்துப் பாருங்கள், ஏதோ ஒரு புயல் படமாகத்தான் தெரியும்.

எல்லா ஊரும் கான்கால் மாதிரிச் சிரமப்படுத்தாது. தெற்கே கில்வினெக் துறைமுகத்தில் கரையோரப் படகுகள் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு வரிசையாகத் திரும்பும். நார்வே இறால் பெட்டிகளை உயிரோடு இறக்கி ஏலத்துக்கு அனுப்புவார்கள். வெளிச்சமும் வேலையும் ஒரே நேரத்தில் வாய்க்கிற இடம். அதனாலேயே அங்கே படங்கள் சுலபமாக அழகாகிவிடுகின்றன. எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம்தான்.

புத்தகத்தின் அட்டைக்கு எதிர்பார்த்தபடி பிளுமனாக் போனது. பை புரட்டும் முதுகுக்கு உள்ளே அரைப்பக்கம். சரி, அதுவாவது கிடைத்தது. இப்போதெல்லாம் யாராவது தேதி கேட்டால் அமாவாசை, பௌர்ணமி பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். மார்ச், செப்டம்பர் மாதப் பெரிய வற்றங்களுக்கு வாளியும் சுரண்டியுமாக மட்டி பொறுக்க ஊரே கடற்கரைக்கு வந்துவிடும். விடுதியில் அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.