பாடியா, லென்ஸா: செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

விஷ்காம் (காட்சித் தொடர்பியல்) ஜூனியர்கள் எல்லோரும் கேட்பது "எந்த கேமரா பாடி வாங்கலாம்?" என்றுதான். லென்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. செய்முறைத் தேர்வுக்காக நான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மற்றதைத் தொடாமல் விடுவது, அவ்வளவுதான் முறை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு டியூப்லைட். அதன் கீழே பேப்பர் படிக்கும் தாத்தா. முதலில் கேனான் கிராப் பாடியில் (சிறிய சென்சார் உள்ளது) 18-55 கிட் லென்ஸ், அதாவது கேமராவோடு சேர்ந்தே வருவது. 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது). ஷட்டர் 1/125 நொடி என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்ணை, 6400 வரை ஏற்ற வேண்டியிருந்தது. தாத்தாவின் கன்னத்தில் மணல் தூவியதுபோல நொய்ஸ். அப்புறம் அதே பாடியில் 50 மி.மீ. எஃப் 1.8. வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு, ஐஎஸ்ஓ 640 போதும். ஆனால் மூக்குக்கண்ணாடி தெளிவாக இருக்க, காதும் பேப்பரும் மங்கிவிட்டன. எஃப் 2.8க்கு வந்து ஐஎஸ்ஓவை 1600 ஆக்கியதும் முகம் முழுதும் சரியாக வந்தது.

அடுத்து அதே 50 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடியில் மாட்டினேன். தாத்தா சிறியதாகிவிட்டார். கேனான் கிராப்பில் அந்த லென்ஸ் 80 மி.மீ. அளவுக்குக் காட்டும், இங்கே வெறும் 50தான். நொய்ஸில் கிடைத்த லாபம்? ஒரே காலத்துச் சென்சார்கள் என்றால் கணக்குப்படி ஒன்றே கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). லென்ஸ் மாற்றியதில் மூன்று ஸ்டாப்புக்கு மேல் கிடைத்தது. விலை வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் குழந்தை, கபடி, பறவை என்றால் கதை வேறு. ஃபோகஸ் விடாமல் துரத்த நல்ல பாடிதான் வேண்டும். மெகாபிக்சலுக்காக மட்டும் பாடி மாற்றாதீர்கள். 12லிருந்து 24க்குப் போனாலும் பிரிண்டின் நீளம் 1.4 மடங்குதான் கூடும்.

மவுண்ட், அதாவது லென்ஸை பாடியில் மாட்டும் அமைப்பு, வைவாவில் கேட்கக்கூடியது. கிராப் பாடிக்கான கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் உட்காராது. நிக்கான் டி3500இல் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸைப் போட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் டார்ச் அடித்து ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் பழைய படங்களின் எக்சிஃப் விவரத்தை (படத்தோடு பதிவாகும் கேமரா அமைப்புகள்) திறந்து, எந்த ஃபோக்கல் லெங்த்தில் (லென்ஸின் மி.மீ. எண்) அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் 18 என்று இருந்தால் உங்களுக்கு 50 வேண்டாம், 10-18 வைட் லென்ஸைப் பாருங்கள்.