ஏழு நாள், ஏழு படம், ஒரு கூடை உருளைக்கிழங்கு

கலைப்படம் மட்டுமே போடுகிற ஒற்றைத் திரை அரங்கு ஒன்றில் ஒரு வாரத் திரையிடல். ஏழு நாளுக்கும் சேர்த்து இரண்டு பாஸ் வாங்கியிருந்தேன். கூட வருவதாகச் சத்தியம் செய்த நண்பனுக்கு முதல் நாளே "திடீர் வேலை" வந்துவிட்டது. பாஸ் வீணாகக் கூடாதே என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அவார்டு படமா? பாட்டு இருக்காதே."

"பேச்சே இருக்காதும்மா."

"அப்ப வரேன். நிம்மதியா உட்காரலாம்."

முதல் நாளே 'ஜான் டீல்மான்'. ஷான்தால் அகெர்மான் 1975-இல் எடுத்தது. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், 2022-இல் உலகின் தலைசிறந்த படமாக வந்தது. இதையெல்லாம் போகும் வழியில் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே போனேன். ஒரு பெண் மூன்று நாள் வீட்டுவேலை பார்ப்பதை 201 நிமிடம் காட்டுவார்கள் என்ற விஷயத்தை மட்டும் நைசாக மறைத்துவிட்டேன்.

நாயகி சமையலறை மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவ ஆரம்பித்தாள். கேமரா அசையவில்லை. நானும் அசையவில்லை. காரணம் வேறு.

விலாவில் முழங்கை இடித்தது. "டேய், அவளுக்கு மனசு சரியில்லடா."

"யாருக்கு?"

"நேத்து அறையை விட்டு வரப்பல்லாம் லைட்டை அணைச்சா. இன்னிக்கு மறக்கறா. பணம் போட்டு வைக்கிற பாத்திரத்துக்கு மூடி போடல. கிழங்கைக் குழைய விட்டுட்டா. இது நல்லதுக்கில்ல."

அந்தப் படத்தின் அச்சாணியே அதுதான். பக்கம் பக்கமாக விமர்சனம் படித்துவிட்டுப் போனவன் நான். சப்டைட்டிலைக்கூடப் படிக்காமல் அம்மா பிடித்துவிட்டார். முடிவைச் சொல்ல மாட்டேன். எனக்கே அம்மா சொல்லித்தான் தெரியும்.

மூன்றாம் நாள் படம் தொடங்கவே இல்லை. அந்த அரங்கில் டிக்கெட் கிழிப்பவரும் படம் ஓட்டுபவரும் ஒரே ஆள்தான். அவர் திரைக்கு முன்னால் வந்து நின்று, "மன்னிக்கணும், சாவி இன்னும் திறக்கல" என்றார். இப்போதெல்லாம் படம் ஹார்டு டிஸ்க்கில் பூட்டித்தான் வரும். திறக்கும் டிஜிட்டல் சாவி தனியாக வரும். அதில் குறித்திருக்கும் நேரத்துக்கு முன்னால் என்ன செய்தாலும் ஓடாது. குறித்த நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அம்மா எழுந்து, "பூட்டை உடைச்சிடலாமே தம்பி, பாவம் எல்லாரும் காத்திருக்காங்க" என்றார். அந்த வாரத்தில் அரங்கு முழுக்கச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாள் மௌனப்படம். பின்னணி இசையும் கிடையாது, தரையில் ஊசி விழுந்தால் கேட்கும். இடைவெளியில்லாமல் ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்ததாகவும், முன்வரிசைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்ததாகவும் அம்மா சொன்னார். பார்ப்பவரைத் தூங்க வைக்கும் படங்கள் தனக்குப் பிடிக்கும் என்று ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியே சொல்லியிருக்கிறார் என்று எடுத்துவிட்டேன்.

"அவர் குறட்டையைப் பத்திச் சொன்னாரா?"

சொல்லவில்லை.

ஐந்தாம் ஆறாம் நாள் படங்களைப் பற்றி நான் எழுதுவது நியாயமாகாது.

கடைசி நாள் ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் 'தி டூரின் ஹார்ஸ்'. 2011-இல் வந்தது, இரண்டரை மணி நேரத்துக்கு மொத்தமே 30 ஷாட். வெளியே பேய்க்காற்று. உள்ளே அப்பாவும் மகளும் ஆளுக்கு ஒரு வேகவைத்த கிழங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு ஒரு கை வராது; ஆவி பறக்கிற கிழங்கை இன்னொரு கையாலேயே உரித்து, ஊதி ஊதி விழுங்குகிறார்.

"மறுபடியும் உருளைக்கிழங்கா!" என்று அம்மா வாய்விட்டே சொல்லிவிட்டார். நாலைந்து பேர் உஷ் என்றார்கள். பத்து நிமிடம் கழித்து அதே அம்மா, "கொஞ்சம் ஆறவிட்டுத் திங்கக் கூடாதா, நாக்கு வெந்துடுமே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் தூங்கவில்லை. அம்மா திரையைப் பார்த்தார், நான் பாதி நேரம் அம்மாவைப் பார்த்தேன்.

வெளியே வரும்போது அந்த ஆல்-இன்-ஆல் மனிதர் வாசலில் நின்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உலக சினிமாவின் போக்கு பற்றி இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைத் தாண்டி அம்மாவிடம் போனார்.

"அம்மா, இந்த ஏழுல ஒண்ணை மறுபடி போடணும்னா எதைப் போடலாம்?"

"அந்த உருளைக்கிழங்குப் படம்தான்" என்றார் அம்மா, யோசிக்காமல்.

அவர் நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"உரிக்கிறதா, சீவுறதா?"