கால்வைக்காத மலையிலிருந்து வந்த கதை

1818இல் லிவர்பூலில் குடும்ப வணிகம் நொடித்துப்போனபோது, 35 வயதை எட்டியிருந்த அமெரிக்கர் வாஷிங்டன் இர்விங் எழுத்தையே பிழைப்பாகக் கொள்ளத் துணிந்தார். பர்மிங்காமில் சகோதரியின் வீட்டில் தங்கியிருந்த நாள்களில், அதுவரை கால்வைத்தே இராத, நியூயார்க் மாநிலத்துக் காட்ஸ்கில் மலைகளை மனத்தில் கண்டு, 20 ஆண்டுகள் உறங்கி எழுந்து, அமெரிக்கா குடியரசாகிவிட்டதை அறியாமல் மன்னருக்கு விசுவாசம் பேசித் திண்டாடும் ரிப் வான் விங்கிளைப் படைத்தார்.

தலையற்ற குதிரைவீரன் வரும் ஸ்லீப்பி ஹாலோ கதை 1820இல் வெளிவந்தது. அதில் என்னை இன்றும் விடாமல் பற்றியிருப்பவை, பேயைக் காட்டிலும், ஹட்சன் ஆற்றோரத்து இலையுதிர்காலமும் பள்ளி ஆசிரியர் இக்கபாட் கிரேனின் தீராப் பசியுமே.

1859இல் மறைந்த இர்விங் ஸ்லீப்பி ஹாலோ இடுகாட்டிலேயே உறங்குகிறார். அந்த இடுகாடு அமைந்த வடக்கு டாரிடவுன் மக்களோ, 1996இல் வாக்களித்து, தங்கள் ஊருக்கே ஸ்லீப்பி ஹாலோ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.