காலுக்குச் செவி கொடுக்காத குதிரை

எங்கள் ரைடிங் ஸ்கூலில் சோம்பேறி என்று பெயர் வாங்கிய குதிரைக்குத்தான் சனி, ஞாயிறில் கிராக்கி. முதல் தடவை ஏறும் பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்தால் வேலிக்கு வெளியே நிற்கும் அம்மாவுக்குப் படபடப்பு இருக்காது. எத்தனை உதைத்தாலும் பாயாது, மேலே இருப்பவர் கத்தினாலும் மிரளாது. அதே பிள்ளை ஓரிரண்டு வருடம் கழித்து டிரஸ்ஸாஜ் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு அதே குதிரையில் ஏறும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கும். “கோச், இது நகரவே மாட்டேங்குது!” நகராமல் இருக்க அதற்குக் கற்றுக் கொடுத்ததே நாம்தான் என்று அந்த நேரத்தில் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

கோலாலம்பூரில் கோச்சாக நான் சம்பளம் வாங்குவது மனிதர்களுக்குச் சவாரி சொல்லித் தர. ஆனால் வாரக் கடைசியில் மழுங்கிப்போன குதிரைகளை மறுபடி கூராக்குவதும் என் தலையில்தான். திங்கள் அவற்றுக்கு ஓய்வு. செவ்வாய் காலை, வெயில் ஏறுவதற்கு முன், நானே ஏறிவிடுவேன்.

டிரஸ்ஸாஜ் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 மீட்டர் அகலம், 40 அல்லது 60 மீட்டர் நீளம் உள்ள மணல் களம். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் நடை, எந்த எழுத்தில் ட்ராட் என்கிற மெல்லோட்டம், எங்கே வட்டம், எங்கே நிற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். இதில் முக்கியமான விஷயம், வாய் திறக்கக் கூடாது. நாக்கைச் சொடுக்கினால்கூட மதிப்பெண் குறையும். இடுப்பு, கால், கை மூன்றும்தான் பேச வேண்டும். முன்னே போ என்று சொல்வது பெரும்பாலும் கால்.

எங்கள் குதிரைகளில் பாதி, காலைக் கேட்பதே இல்லை. கேட்பது என் குரலை. மைலோ என்று ஒரு பழுப்பு நிறக் கிழவன் இருக்கிறான். நான் “ட்ராட்” என்று சொல்லி முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிடுவான். மேலே இருக்கும் பிள்ளை தன் கால்தான் வேலை செய்தது என்று நம்பிக்கொண்டிருக்கும். போட்டியில் நான் வாயை மூடிக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்கும்போதுதான் உண்மை வெளியே வரும். மைலோ என்னைத் தேடுவான், பிள்ளை வியர்க்க வியர்க்க உதைக்கும், நடுவர் ஐந்து போடுவார்.

மைலோவுக்குத் தோல் தடித்துப்போயிற்று என்று சிலர் சொல்வார்கள். அவன் விலாவில் ஓர் ஈ உட்காரும்போது பார்க்க வேண்டும், அந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று சிலிர்க்கும். ஈயின் கனத்தை உணரும் உடம்பு குதிகாலை உணராமல் இருக்குமா? உணர்கிறது, பொருட்படுத்துவதில்லை. எல்ஆர்டி தண்டவாளத்துக்குப் பக்கத்து ஃபிளாட்டில் பத்து வருடம் குடியிருந்தவனுக்கு ரயில் சத்தம் கேட்காமல் போவது இப்படித்தான். குதிரைக்குப் பாடம் காலின் அழுத்தத்தில் இல்லை, அழுத்தம் நிற்கும் நொடியில் இருக்கிறது. முன்னே போனேன், கால் விட்டது, ஆக போவதுதான் வழி என்று அது கணக்குப் போடுகிறது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் உதை என்று விழுந்தால் போனாலும் உதை, நின்றாலும் உதை. அப்புறம் ஏன் போக வேண்டும்? மைலோவைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவன் சிக்கனக்காரன்.

ஆனால் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். இதை எனக்குப் பழக்கியவர் எங்கள் லாயத்தின் மூத்த சைஸ், அதாவது குதிரைகளைப் பராமரிக்கும் அண்ணன். அவருடைய அப்பாவும் சைஸ்தான், இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில் சிலாங்கூர் டர்ஃப் கிளப் இருந்த காலத்து ஆள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெட்டைக் குதிரை சில மாதங்களில் மந்தமாகிவிட்டது. சொந்தக்காரர் நீளமான விப், அதாவது சவுக்கு, ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் அந்தக் குதிரை வேலை முடித்து வந்ததும் கழுத்திலும் சேணத்துக்கு அடியிலும் உள்ளங்கையை வைத்துத் தடவினார். மற்ற குதிரைகள் எல்லாம் நனைந்து நுரை தள்ளி நின்றன. இதன் உடம்போ மாவு மாதிரி காய்ந்து கிடந்தது, மூக்கு மட்டும் விரிந்து விரிந்து மூடியது.

“இது சோம்பேறி இல்லம்மா, இதுக்கு வேர்க்கல” என்றார்.

வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நாடுகளில் குதிரைகளுக்கு வரும் தொல்லை இது. வியர்வைச் சுரப்பி மெல்ல மெல்ல வேலையை நிறுத்திவிடும். சாதாரணமாக 37.5-லிருந்து 38.5 டிகிரிக்குள் இருக்க வேண்டிய உடல் சூடு, கொஞ்சம் ஓடியதும் மளமளவென்று ஏறும், இறங்க நேரமாகும். அந்த நிலையில் எந்த உயிரும் ஓட யோசிக்கத்தான் செய்யும். மருந்தைவிட விடியற்காலைச் சவாரி, ஃபேன், தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைப்பது, குறைந்த வேலை இவைதான் அதற்குக் கைகொடுத்தன. விப் இன்னும் சாமான் அறையில் தொங்குகிறது. வேர்வை மட்டுமல்ல. பல், லாடம், முதுகில் அழுத்தும் சேணம், வயிற்றுப் புண் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குதிரையின் வயிற்றில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், புல் இல்லாமல் நெடுநேரம் நின்றால் எரியும். வயிறு எரியும் குதிரைக்கு விலாவில் கால் படுவதே பிடிக்காது, காதை மடக்கும், வாலை வீசும். ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையைக் கிண்டல் செய்தவர்கள், அந்த வாய்க்குள் கூரான பல் ஏதும் குத்தியதா என்று பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வரும் குதிரைகள் தனி ரகம். பினாங்கு டர்ஃப் கிளப் 1864-இல் தொடங்கி 2025-இல் பந்தயத்தை நிறுத்திவிட்டது. சிங்கப்பூரிலோ 2024 அக்டோபரிலேயே கடைசிப் பந்தயம் முடிந்தது. பந்தயக் குதிரை என்றாலே காற்றாய்ப் பறக்கும் என்று நினைத்து வருகிறவர்கள், அது நம் காலுக்கு மரம்போல நிற்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். ஜாக்கி அங்கவடியைக் குட்டையாகக் கட்டிக்கொண்டு முதுகுக்கு மேலே குந்தியிருப்பவர், அவருடைய கீழ்க்கால் வயிற்றைச் சுற்றித் தொங்குவதே இல்லை. பழக்கம் இல்லாத கால் வந்து இரண்டு பக்கமும் அணைத்தால் சில குதிரைகள் துள்ளும், சில விறைத்து நிற்கும். அவற்றுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லித் தர வேண்டும். ஒரு விதத்தில் அது சுலபம், மைலோ மாதிரி கற்றதை மறக்க வைக்க வேண்டியதில்லை.

உடம்பில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு செவ்வாய்க்கிழமை வேலை இதுதான். நின்ற நிலையிலிருந்து நடைக்குப் போகக் கேட்பேன். கெண்டைக்கால் சேணத்தின் வயிற்றுவாருக்குப் பக்கத்தில் லேசாக அணையும், காலுறையை அழுத்தும் அளவுக்குத்தான். ஒரு மூச்சு காத்திருப்பேன். பதில் இல்லையென்றால் காலுக்குச் சற்றுப் பின்னால் விப்பால் ஒரே ஒரு தட்டு, புரியும்படி. அவன் திடுக்கிட்டு ட்ராட்டுக்கே போய்விட்டாலும் சரி, இழுத்துப் பிடிக்க மாட்டேன். இங்கேதான் பலரும் கெடுத்துவிடுகிறார்கள். முன்னே போ என்று தட்டிவிட்டு, அது போனதும் பயத்தில் கடிவாளத்தை இழுக்கிறார்கள். போனதற்கு வாயில் தண்டனை! அடுத்த தடவை அது ஏன் போகும்?

போனதும் கால் தளரும், கழுத்தில் ஒரு தட்டிக்கொடுப்பு. பிறகு மறுபடி நிறுத்தி, மறுபடி அதே லேசான காலால் கேட்பேன். இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். தட்டியதும் போனான் அல்லவா, வேலை முடிந்தது என்று. முடியவில்லை. தட்டுக்குப் போனதால் அவன் கற்றது தட்டை மட்டும்தான். தட்டு இல்லாமல் லேசான காலுக்கே போகும்போதுதான் கால் என்பது அவனுக்குப் பேச்சாகிறது. அதன் பிறகு நடையிலிருந்து ட்ராட், ட்ராட்டிலிருந்து நடை என்று மாற்றிக்கொண்டே இருப்பேன். வட்டம் வட்டமாக ஓட்டிக் களைக்க வைப்பதில்லை. சுருக்கமாக வேலை, நன்றாகச் செய்ததும் இறங்கிவிடுவது. இறங்குவதைவிடப் பெரிய பரிசு மைலோவுக்கு உலகத்தில் இல்லை.

நேரமும் முக்கியம். நடையில் குதிரையின் வயிறு இடமும் வலமும் ஆடும். இடது பின்னங்கால் தரையை விட்டு எழுந்து முன்னால் வரும்போது வயிறு வலப்பக்கம் ஒதுங்கும், நம் இடது கால் தானாக உள்ளே சாயும். அந்த நொடியில் அணைத்தால் எழுந்திருக்கும் அந்தக் கால் இன்னும் நீளமாக எட்டி வைக்கும். பாரம் முழுவதும் அதன்மேல் ஊன்றியிருக்கும்போது அழுத்தினால், பாவம், அது எதைத் தூக்கும்? பிள்ளைகளுக்கு இதை நான் வாயால் விளக்குவதில்லை. கண்ணை மூடச் சொல்லி, “இப்ப எந்தப் பக்கம் ஆடுது? சொல்லும்மா” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் நடப்பேன். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

குதிரை இரண்டு வாரத்தில் தேறிவிடும். மனிதர்கள் தேற மாதங்களாகும். போட்டிக்குப் பெயர் கொடுத்த ஒரு மாணவியை, அங்கவடி இல்லாமல் காலைத் தொங்கப் போட்டு ஒரு சுற்று நடந்து வரச் சொன்னேன்.

“நின்னுட்டா என்ன கோச் செய்யறது?”

“நிக்கட்டும். அப்புறம் கேளு. கேட்டுட்டு விடு.”

“விட்டா மறுபடி நிக்குமே.”

“நிக்கும்தான். நிக்கறதுக்கு முன்னாடியே உதைச்சிக்கிட்டு இருந்தா, அது எப்பத்தான் சுயமா நடக்கும்?”

அவளுக்கு எரிச்சல். காலைச் சும்மா வைத்திருப்பது உதைப்பதைவிடக் கஷ்டம் என்பதை உடம்பு ஒப்புக்கொள்ள நாளாகும். அவள் அப்பா அடுத்த வாரம் குதிகாலில் மாட்டும் உலோக முள்ளான ஸ்பர் வாங்கி வந்தார், பளபளவென்று. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காலை அசைக்காமல் வைத்திருக்கத் தெரிந்தவருக்கு ஸ்பர் நுணுக்கமான கருவி. கால் ஆடிக்கொண்டே இருப்பவருக்கு அது மழுங்கிய காலுக்குப் பதில் மழுங்கிய முள்ளைத் தரும், அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் குதிரைக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் அந்த ஒரு தட்டுத்தான் கொடுமை என்கிறார். யாரோ கைப்பேசியில் எடுத்துப் போட்டால் ஸ்கூல் பெயர் என்னாவது என்று நிர்வாகமும் கவலைப்படுகிறது. ஒரு மணி நேரம் விடாமல் விழும் உதைகளை யாரும் வீடியோ எடுப்பதில்லை. பார்க்க அது சாதுவாகத் தெரிகிறது. மைலோவைக் கேட்டால் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வாரக் கடைசியை மாற்றாமல் செவ்வாயை மட்டும் நம்பிப் பயனில்லை என்று நிர்வாகத்திடம் பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஆரம்ப வகுப்புத்தான் லாயத்துக்குத் தீனி போடுகிறது, அதைக் குறைக்க முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான், புல்லும் தீவனமும் விற்கிற விலைக்கு. கடைசியில் ஒரு சமரசம் கிடைத்தது. முதல் சில வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் காலே கிடையாது. குதிரையைச் சைஸ் அண்ணன் கயிற்றில் நடத்துவார், மேலே இருப்பவர் சமநிலையை மட்டும் கற்க வேண்டும். கால் கொடுக்கும் பாடம் வரும்போது குரல் கொடுப்பதை நான் நிறுத்திக்கொள்வேன், கையால் பிள்ளைக்கு மட்டும் சைகை. முதல் நாள் மைலோ களத்தின் நடுவில் நின்று, இரண்டு காதையும் என் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் “ட்ராட்” என்று சொல்வதற்காகக் காத்திருந்தான். வேலிக்கு வெளியே ஓர் அம்மா கேட்டார், “காசு கட்டி வந்திருக்கோம், குதிரை சும்மா நிக்குதே, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“உங்க பொண்ணு சொல்லட்டும்மா” என்றேன்.

அவர் அடுத்த வாரமும் பிள்ளையைக் கூட்டி வந்தார். இன்னும் இரண்டு பேர் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள்.