சம்ப்புக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வாரம்

2023 கோடை விடுமுறை எங்கள் வீட்டில் முடிவேனா என்றது. மே 4-ல் கத்திரி வெயில் தொடங்கியது. அடுத்த வாரமே வங்கக்கடலில் மோக்கா புயல், இங்கே ஒரு நாளாவது மழை வரும் என்று பார்த்தால் அது மியான்மர் பக்கம் போய்விட்டது, போன பிறகு வெயில் இன்னும் ஏறியது. ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிக்கூடம் 7-ம் தேதிக்குத் தள்ளிப்போய், அப்புறம் பெரிய வகுப்புகளுக்கு 12, ஒன்று முதல் ஐந்து வரை 14 என்று ஆனது. பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. சென்னை மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம், மேலே இரண்டு குடும்பம், மூன்று வீட்டுக்கும் தரைக்கடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப்.

மே கடைசியில் ஒரு சாயங்காலம் திடீரென்று காற்றும் இடியும் வந்தது. ஹாலில் டியூப்லைட் பளீரென்று எரிந்தது, ஃபேன் என்றைக்கும் இல்லாத வேகத்தில் சுற்றியது. குழந்தைகள் கை தட்டினார்கள். மாமியார்தான் சமையலறையிலிருந்து "மெயினை ஆஃப் பண்ணு, சீக்கிரம்" என்று கத்தினார். நான் ஓடுவதற்குள் ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து கருகல் வாசனை வந்துவிட்டது. கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுந்திருக்கிறது. அது போய்விட்டால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரைக்கும்கூட ஏறிவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் தெரியும். விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் வேறு எதையும் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள், அப்புறம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் போன் போடுங்கள். ஃபிரிட்ஜ் சரியாக ஒன்பது நாள் ஆனது. அந்த வெயிலில் பாலை மூன்று வேளையும் காய்ச்சினோம், இட்லி மாவைத் தினமும் கொஞ்சமாக அரைத்தோம்.

பெரியவள் 14, 15, 16 என்று மூன்றே நாள் பள்ளிக்கூடம் போனாள். 18-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை. மீனம்பாக்கத்தில் 15 சென்டிமீட்டருக்கு மேல் என்று மறுநாள் செய்தியில் வந்தது, ஜூன் மாதத்துக்கு அது ரொம்ப அதிகம். "தொண்ணூத்தி ஆறு ஜூன்லயும் இப்படித்தான் கொட்டுச்சு" என்றார் மாமியார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. கார் நிறுத்துகிற இடத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. பிள்ளைகள் வாசல்படியில் உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டார்கள். மத்தியானம் தண்ணீர் வடிந்ததும் மேல்வீட்டில் டேங்க் காலி என்று சொல்ல, நான் மோட்டார் போட்டேன். சம்ப் மூடி அந்தத் தரையோடு தரையாக இருப்பது தினமும் பார்க்கிற விஷயம், அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

சாயங்காலம் இருவரையும் குளிப்பாட்டினேன். சின்னவனுக்குக் குளிக்கும்போது மக்கில் இருந்து ஒரு வாய் குடிக்கிற பழக்கம். குடிக்கக் கேன் தண்ணீர்தான் கொடுக்கிறோம், பல் தேய்க்கக்கூட அதுதான், ஆனால் குளிக்கிற தண்ணீரைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை காலையில் வயிற்றால் போக ஆரம்பித்தது, மத்தியானத்துக்குள் ஏழு தடவை, இரண்டு தடவை வாந்தி. எனக்குக் கை கால் ஓடவில்லை.

மருந்துக்கடையில் ஓஆர்எஸ், அதாவது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல், கேட்டேன், பழச்சாறு மாதிரி டப்பாவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்து, இது சர்க்கரைத் தண்ணீர், இதைக் கொடுத்தால் இன்னும் போகும் என்று ஓரமாக வைத்துவிட்டார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவில் தயாரித்தது என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தைக் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கலக்கக்கூடாது, மீந்ததை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் 100 முதல் 200 மில்லி உள்ளே போக வேண்டும். கூடவே ஜிங்க், பதினாலு நாள், வயிறு சரியானாலும் நிறுத்தக்கூடாது. அழுதால் கண்ணீர் வருகிறதா, ஆறு மணி நேரத்தில் ஒரு தடவையாவது சிறுநீர் போகிறானா என்று பார்க்கச் சொன்னார், இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி. அன்று ராத்திரி முழுக்க நானும் கணவரும் மாறி மாறி ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு அவன் சிறுநீர் போனான், பாய் நனைந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரணம் தெரிந்தது புதன்கிழமைதான். பாத்ரூமில் முந்தின நாள் பிடித்து வைத்த வெள்ளை மக் அப்படியே இருந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் தெரிந்தது, கொட்டும்போது அடியில் மை மாதிரி ஒரு படிவு, விரலால் தொட்டால் வழவழவென்று சாக்கடை மண். மோட்டார் மெயினை இறக்கிவிட்டுப் போய் சம்ப் மூடியைத் தூக்கினோம். முகத்தில் அடித்தது வாசனை. தெருவில் ஓடிய தண்ணீர் மூடி ஓரத்திலும் மோட்டார் கேபிள் போகிற ஓட்டையிலும் இறங்கியிருக்கிறது. நான் மோட்டார் போட்டதால் அது மொட்டைமாடி டேங்க்குக்கும் போய், மூன்று வீட்டுக் குழாயிலும் வந்துகொண்டிருந்தது.

வீட்டு ஓனர் "நாலு நாள்ல தெளிஞ்சிடும்மா" என்றார். தெளியும், கண்ணுக்குத் தெளியும். மக்கை அப்படியே படம் எடுத்து அவருக்கும் மேல்வீடுகளுக்கும் அனுப்பினேன், மாடி வீட்டிலும் ஒரு பாட்டிக்கு வயிறு சரியில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வீடும் சேர்ந்து கேட்ட பிறகு ஒப்புக்கொண்டார்.

சுத்தம் செய்ய இரண்டு பேர் வந்தார்கள். முதலில் மொத்தத் தண்ணீரையும் மோட்டார் வைத்து வெளியே இறைத்தார்கள். உடனே உள்ளே இறங்கப் போனவரை நான் விடவில்லை. மூடிக்கிடந்த சம்ப்பில் காற்று இருக்காது, இறங்கினவர் மயங்க, தூக்கப் போனவரும் சேர்ந்து போனதை எத்தனை தடவை செய்தியில் படித்திருக்கிறோம். மூடியைத் திறந்து போட்டு, டேபிள் ஃபேனை சம்ப் வாயில் வைத்து, இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் ஒருவர் இறங்கினார், இன்னொருவர் மேலேயே நின்றார். கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள், கொடுத்தோம். சுவரைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து இரண்டு தடவை கழுவி, அதே மாதிரி மேல் டேங்க்கையும் செய்து, எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் திறந்து விட்டோம். இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், பைப்பில் நிற்கிற பழைய தண்ணீர் அப்படியே இருக்கும்.

அப்புறம் லாரித் தண்ணீர், 6000 லிட்டர். மாநகராட்சி சுகாதாரப் பணியாளர் ஒருவர் சொன்ன கணக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். எங்களுக்கு 24 கிராம். அப்படியே உள்ளே கொட்டக்கூடாது, பக்கெட்டில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இரண்டு வாரம் குழந்தைகளுக்குக் கொதிக்க வைத்த தண்ணீரில்தான் குளியல்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்து மூடியைச் சுற்றி முக்கால் அடிக்குக் கட்டைச்சுவர் எழுப்பினார், கேபிள் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தார். அரை நாள் வேலை. மார்ச் மாதத்திலேயே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தரைத்தளத்தில் பிள்ளைகளோடு இருக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே போய் உங்கள் சம்ப் மூடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள், வீட்டு ஓனரிடம் சண்டை போட்டாவது ஏற்றுங்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் இப்போதும் மோட்டார் போடுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து பார்ப்பேன். பெரியவள்தான் டார்ச் அடிப்பாள். அடியில் இருக்கிற வெள்ளை டைல்ஸை எண்ணி, "நாலும் தெரியுதும்மா" என்பாள். அப்புறம்தான் ஸ்விட்ச்.