ஏறி இறங்கும் சத்தம்

மார்ச் 3, திங்கள்

அம்மாவின் கட்டில் இன்று என் அறைக்கு வந்துவிட்டது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு நாற்காலி நுழைகிற இடம்தான். கம்ப்யூட்டரை வைக்க வேறு இடமில்லை. இரவு வேலையை நிறுத்தவும் முடியாது.

மார்ச் 4, செவ்வாய், இரவு 1.40

"அது ஏன்டா அடிக்கடி பெருமூச்சு விடுது?"

தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 5, புதன்

கம்ப்யூட்டரின் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். தூசியைப் பற்றி எழுதப்போவதில்லை, வெட்கமாக இருக்கிறது. அதைவிட வெட்கம் இன்னொன்று. மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைப் பின்பக்க ஃபேனுக்கு வெளியே பிடித்தேன். பறக்க வேண்டிய காகிதம் சல்லடையோடு ஒட்டிக்கொண்டது. காற்றை வெளியே தள்ள வேண்டியது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. நான்கு வருடமாக. மாட்டியது நான்தான்.

மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் கைகள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அழகான பக்கம் வெளியே தெரியட்டும் என்று மாட்டியிருக்கிறேன் போல. நான்கு திருகு, திருப்பி மாட்டினேன். கனமான வேலை கொடுத்துச் சுமை ஏற்றிப் பார்த்தால் வெப்பம் 6 டிகிரி குறைந்திருக்கிறது. சத்தம் மட்டும் அப்படியே.

மார்ச் 6, வியாழன்

போன் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

முன்பக்கத்துக்குப் புது ஃபேன் வாங்குவதென்று முடிவு. இரண்டு மணி நேரம் அட்டவணைகளைப் பார்த்தே போனது. பார்க்காமல் இருந்தால் வேறு எதையாவது நினைக்க வேண்டியிருக்கும்.

அளவுகோல் வைத்துப் பார்த்ததில் முன்பக்கம் இரண்டு வகைத் துளையும் இருக்கிறது: 105 மில்லிமீட்டர் இடைவெளியும் 124.5-ம். அதாவது 120 ஃபேனும் உட்காரும், 140-ம் உட்காரும். சரி, 140. பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினாலே அதே காற்றைத் தந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். இவ்வளவு லாபமான பேரம் வேறெங்கும் கிடைக்காது. ஒரு சிக்கல், காற்றைத் தள்ளும் அழுத்தம் கால்வாசியாகிவிடும். என் பெட்டியின் முகத்தில் தூசி வடிகட்டி இருக்கிறது. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிற காற்றின் அளவு, எதிரே ஒரு தடையும் இல்லாமல் அளந்தது. வடிகட்டிக்குப் பின்னால் உட்காரப் போகிற ஃபேனுக்கு அழுத்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிகிற ஃபேன் வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு இருட்டு வேண்டும். 5 வோல்ட் விளக்கு ஒயரை 12 வோல்ட்டில் செருகி எரித்துவிடும் பயமும் இல்லை.

இரண்டு ஃபேனுக்கு ஆர்டர் சொல்லியாயிற்று.

மார்ச் 8, சனி

கம்ப்யூட்டரை அணைத்தே வைத்தேன். அம்மா ஆறு மணி நேரம் தூங்கினாள். நான் தூங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஃபேன்கள் வந்தன. கையில் எடுத்தால் எடையே இல்லை. நடுவில் ஒட்டிய ஸ்டிக்கரில் 12 வோல்ட், 0.15 ஆம்பியர். எல்லாம் வந்து சேரும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் ஒரு இணைப்பு பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும், அதனால் ஒன்றில் இரண்டு மாட்டுவதில் பயமில்லை. ஒரு இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயரின் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் நான்கு பின், மற்றதில் மூன்றாவது பின் இருக்க வேண்டிய இடம் காலி. வேகத்தைச் சொல்லும் பின் அது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் போர்டு குழம்பிவிடும் என்பதால் ஒன்றின் வாயை அடைத்திருக்கிறார்கள். அந்த ஃபேன் நின்றுபோனாலும் எனக்குத் தெரியாது.

சுவிட்சைப் போட்டதும் ஒரே இரைச்சல். பதறிவிட்டேன். புதியவை அல்ல, பின்பக்கத்துப் பழைய மூன்று பின் ஃபேன்தான். அந்த இணைப்பு பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புகளில், பிடபிள்யூஎம் என்ற முறையில் இருந்தது. அந்த முறையில் 12 வோல்ட் எப்போதும் முழுதாகப் போகும். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் கட்டளை நான்காவது பின்னில் வரும். இதற்கு அந்தப் பின்னே கிடையாது. யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம். வோல்ட்டையே குறைத்து வேகத்தைக் குறைக்கும் டிசி முறைக்கு மாற்றினேன், அடங்கியது. 4 வோல்ட்டில் துடித்துத் துடித்து நின்றது. 7-ல் வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய், இரவு 3.10

மறுபடி எழுந்துவிட்டாள். "என்னமோ கிளம்புச்சுடா, அப்புறம் நின்னுபோச்சு."

இத்தனை நாள் எங்கே தேடிக்கொண்டிருந்தேன்! இடியே விழுந்தாலும் தூங்குகிறவள், அடைமழையில் இன்னும் நன்றாகத் தூங்குகிறவள். சத்தம் அவளை எழுப்பவில்லை, சத்தம் ஏறி இறங்குவது எழுப்புகிறது. ஏதோ ஒரு சின்ன வேலை ஒரு விநாடி ஓடும், ப்ராசஸர் 45-லிருந்து 68 டிகிரிக்குத் தாவும், ஃபேன் பதறி ஓடும், அதற்குள் வெப்பம் இறங்கிவிடும். ப்ராசஸர் தலைமேல் அரைக்கிலோவுக்கு மேல் உலோகம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு விநாடிச் சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளாதா? இந்த ஃபேன் என்னைப் போல, எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்கிறது.

70 டிகிரி வரை ஃபேனின் வேகம் மாறாதபடி அதன் வேகக் கோட்டைப் படுக்கப் போட்டேன். அதற்கு மேலும் உடனே ஏறாமல் சில விநாடி பொறுத்து ஏறும்படி வைத்தேன்.

மார்ச் 12, புதன்

இப்போது வேறொன்று. வ்வூம்... வ்வூம்... விநாடிக்கு ஒருமுறை. எனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். முன்பக்க இரண்டும் ஒரே கட்டளைக்கு ஓடினாலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்பது இறக்கை, நிமிடத்துக்கு ஏழெட்டுச் சுற்று வித்தியாசம் போதும், இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று மோதி இப்படி அலையடிக்கும். ஒன்றாக்க முடியாது, பிரித்துவிடலாம். கீழ் ஃபேனைக் கழற்றி, ஸ்ப்ளிட்டரைப் பின்பக்க ஃபேனின் இணைப்புக்கு மாற்றி, அதோடு சேர்த்தேன். நான்கு பின் ஃபேனாக இருந்தாலும் வோல்ட்டைக் குறைத்தால் அடங்கித்தான் ஓடுகிறது. மேலே நிமிடத்துக்கு 800 சுற்று, கீழே 650. அலை போய்விட்டது.

மார்ச் 13, வியாழன்

போன் வந்தது. சனிக்கிழமை வரச் சொல்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி, இரவு 11.50

"இன்னைக்கு அதைப் போடலையா?"

நான்கு மணி நேரமாக முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 74 டிகிரி. பின்னால் கையை வைத்தால் வெதுவெதுப்பாகக் காற்று வருகிறது. "இல்லம்மா, தூங்கு" என்றேன்.

காலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். கீழ் ஃபேனின் ஒயரை இன்னும் கட்டவில்லை, இறக்கைக்கு ஒரு விரல் தள்ளித் தொங்குகிறது. வந்து