வேகாத குழாயும் வினிகரும்

ஒருவழியாக என் மைக்ராஸ்கோப்பில் ஆட்டின் பெருந்தமனிச் சுவரின் அடுக்கு தெரிந்துவிட்டது! பெருந்தமனி என்றால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய். மூன்று வாரமாக வாராவாரம் ஆட்டு இதயம் வாங்கி, குழாயை நான் எடுத்துக்கொள்ள, மிச்சத்தை வீட்டில் மிளகு போட்டு வறுத்துத் தின்றதுதான் மிச்சம்.

முதல் தடை கறிக்கடையிலேயே. இதயத்துக்கு மேல் நிற்கும் குழாய்களைச் சீவி எறிந்துவிடுவார்கள். "குழாயோட குடுங்க பாய்" என்றால், "அது வேகாது தம்பி" என்கிறார். வேகாததுதான் எனக்கு வேண்டும். பெருந்தமனிச் சுவரில் எலாஸ்டின், அதாவது ரப்பர் மாதிரி இழுபடும் புரத நார், அவ்வளவு.

என் உயிரை வாங்கியது வெட்டுதான். பச்சையாக வெட்டினால் பிளேடுக்கு முன்னால் வழுக்கி ஓடுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் மூன்று வெட்டுக்குள் இளகிவிடுகிறது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் மூன்று நாள் ஊறிய பிறகுதான் கொஞ்சம் விறைத்தது. அப்புறம் காலேஜ் தாவரவியல் லேபில் செய்த மாதிரி, கேரட்டைப் பிளந்து நடுவில் இடுக்கி, கேரட்டோடு சேர்த்துச் சீவினேன். சவர பிளேடை ஸ்பிரிட்டில் நனைத்து, அழுத்தாமல் நம் பக்கம் ஒரே இழுப்பு. நாலு வெட்டுக்கு ஒரு பிளேடு மாற்றணும். கஞ்சத்தனம் பார்த்த அன்றெல்லாம் சுவர் கிழிந்தது. முழு வளையமாக வர வேண்டும் என்ற ஆசையையும் விட்டேன். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தேய்ந்துபோகும் கோணல் சீவல்தான் தங்கம். அந்தத் தேய்ந்த ஓரத்தில்தான் வெளிச்சம் நுழைகிறது.

மீன்தொட்டிக் கடை மெத்திலீன் புளூ போட்டதில் மொத்தமும் நீலக் கூழ். எரிச்சலில் சாயமே போடாத சீவல் ஒன்றில் சமையலறை வெள்ளை வினிகரை ஒரு சொட்டு விட்டேன். சுவரின் இன்னொரு புரத நாரான கொலாஜன் உப்பித் தெளிந்து கண்ணுக்கு மறைந்தது, எலாஸ்டின் அசையவில்லை. வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரமைப் பாதி மூடி 10 எக்ஸ் லென்ஸில் பார்த்தால் நடு அடுக்கு முழுக்க நெளிநெளியாக மின்னும் கோடுகள், பரோட்டாவைப் பிய்த்த மாதிரி. வெளி அடுக்கில், கொழுப்புக்கு நடுவே ஒரு பொடிக் குழாய். வாசா வாசோரம், பெருந்தமனிச் சுவருக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "புழுவாடா?" என்றார்.

உள் அடுக்குதான் டிமிக்கி கொடுக்கிறது. குழாயின் உட்பக்கத்தை மூடும் எண்டோதீலியம் ஒற்றைச் செல் வரிசை. நான் தேய்த்துக் கழுவியதிலேயே உரிந்திருக்கும். சில்வர் நைட்ரேட் போட்டால் செல்லின் ஓரங்கள் கறுத்துத் தெரியும். விலை கேட்டேன், பேசாமல் கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

ரெடிமேட் சிலைடு வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன். 'சிரை' என்று லேபிள். உள்ளே தடித்த தசை, வட்டமான வாய், நெளிந்த ஒற்றை எலாஸ்டின் கோடு. சந்தேகமே இல்லாமல் தமனி. மாற்றித் தர மாட்டார்களாம்.

சரி, அதே ஒற்றைக் கோட்டை என் கையாலேயே எடுக்கிறேன். இதயத்தின் மேல் கொழுப்புக்குள் ஓடும், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி தமனியில் ஒரு துண்டு ஸ்பிரிட்டில் கிடக்கிறது. வியாழக்கிழமை வெட்டணும். பிளேடு தீர்ந்துவிட்டது.